நமது நிருபர் சாப்பிடாத சோறு

நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே விழுந்த தாளுக்கு ஒரு வாசனை உண்டு. இஸ்திரி போட்ட சட்டைக்கும் கருகிய தூசிக்கும் நடுவில் எங்கோ இருக்கும் வாசனை. இந்தத் தீவில் தமிழர்கள் கூடும் தேக்காவின் பின்சந்து ஒன்றில், கடவுச்சீட்டுப் படம், கைப்பேசி உறை, பெட்டி கட்டும் கயிறு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் கடையில், வாராவாரம் துணைப்பாடப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் நகலெடுக்கிறேன். முதல் தாளின் வெதுவெதுப்பு விரலில் பட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும். கூடவே ஒரு புளித்த வாடையும் வரும். காகிதத்தில் சாம்பார் எப்படி மணக்கும் என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் பத்திரிகையாளர். ஒரு செய்திச் செயலியின் தமிழ்ப் பிரிவு. பிரிவு என்றால் நானும், ஒரு மேசையும், குளிர்சாதனத்தின் நேர்கீழே ஒரு நாற்காலியும். செயலியின் உரிமையாளரை நாங்கள் பெரியவர் என்போம். கப்பல் வைத்திருந்தார், கட்டடம் வைத்திருந்தார், பேரங்காடி வைத்திருந்தார், துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் வைத்திருந்தார். ஓர் அளவுக்கு மேல் பணம் சேர்ந்துவிட்டால் வாங்குவதற்கு உலகத்தில் எதுவும் மிச்சம் இருக்காது போலும். அப்போது செய்தி வாங்குவார்கள். அவரும் வாங்கினார். மின்தூக்கியின் வாசலில் அவருடைய படம் இருந்தது. மேலே போகும்போதும் சிரித்தார், கீழே இறங்கும்போதும் சிரித்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், இதை எழுதாதே என்று அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. அவ்வளவு சின்ன வேலைக்கு அவர் இறங்கி வருவாரா. நாங்களே தெரிந்துகொள்வோம். மழை வரப்போவது எறும்புக்குத் தெரிவதுபோல எங்களுக்குத் தெரியும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுவோம்.

ஆண்டுக்கொரு முறை அவருடைய பிறந்தநாள் வரும். அலுவலகத்தில் கவிதை எழுதுகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. 'கடலிடம் ஆழம் கேட்டேன், அது உங்கள் திசையைக் காட்டியது' என்பதுபோல உரைநடைக் கவிதை ஒன்று செய்து அனுப்புவேன். அடுத்த நாள் ஒரு பழக்கூடை வரும். ஆப்பிள், ஆரஞ்சு, நடுவில் ஓர் அன்னாசி. கவிதைக்கு இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் கொடுத்துவிடவில்லை.

ஒரு பிற்பகல் மின்னஞ்சல் வந்தது. தங்குவிடுதி உணவைப் பற்றி நல்லவிதமாக ஒரு கட்டுரை வேண்டும். இணைப்பில் ஆறு படங்கள். ஆவி பறக்கும் சோறு, சிவந்த குழம்பு, பல் தெரியச் சிரிக்கும் ஓர் ஊழியர். நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாமா என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. துவாஸ் தூரம். போதாததற்கு வெயில். நாற்பது நிமிடத்தில் முடித்தேன்.

'மூடியைத் திறந்ததும் மல்லிகையாய் மலர்கிறது சோறு. துவாஸ் வெயிலின் நடுவே ஒரு தாய்மடி தட்டில் விரிகிறது.'

தாய்மடி என்ற சொல் விழுந்ததும் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். அவ்வளவு மனநிறைவு. எழுதியவர் பெயர் போடும் இடத்தில் வழக்கம்போல 'நமது நிருபர்' என்று போட்டேன். அந்த நிருபர் சோற்றைப் பார்த்தாரா, துவாஸைப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் நான் சொல்லிவைத்திருந்த கதை வேறு. "நான் வெறும் எழுத்துப் பிழை திருத்துறவ, உள்ள என்ன இருக்குன்னுகூடப் படிக்கிறதில்ல" என்பேன். அண்ணனும் அண்ணியும் நம்பினார்கள். அவர்கள் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. அவர்களுடைய மகள் நம்பினாள். அதுதான் என்னைத் தூங்கவிடாத சங்கதி.

அண்ணன் மகளுக்கு அப்போது இருபது வயது. வீடு தெம்பனிஸ், படிப்பு கிளமெண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலில் போகிற நேரம் முழுவதும் புத்தகம் படிப்பாள். என்னுடைய ஒரே கவிதைத் தொகுப்பைக் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரே சொந்தக்காரி அவள்தான். மற்றவர்களுக்கு நான் சும்மா கொடுத்தேன், அவர்கள் அதைச் சூடான சட்டிக்கு அடியில் வைத்தார்கள். அவள் தொகுப்பில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'இது பொய்யில்லை' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். ஒரு முறை அவள் பையிலிருந்து அது நழுவி விழுந்தபோது பார்த்தேன். எனக்குக் கிடைத்த விமர்சனம் அது ஒன்றுதான். அதை இழக்க நான் தயாராக இல்லை.

அண்ணன் ஒருநாள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பிள்ள கெட்டுப்போச்சு போலிருக்கு."

"என்ன ஆச்சு, யாரையாச்சும் விரும்புறாளா?"

"அப்படின்னாலும் பரவால்லயே. படிக்கிறா."

"படிக்கத்தானே அனுப்பினீங்க."

"பாடப்புத்தகம் இல்ல. முதலாளித்துவம் ஒழியணும், அது இதுன்னு. நேத்து சாப்பாட்டு மேசையில என்னையப் பாத்து, அப்பா நீங்க உங்க உழைப்புலேருந்து அந்நியமாயிட்டீங்கன்னு சொல்றா. நான் முப்பது வருசமா அதே ஆபீஸ்தான் போறேன்."

இதையெல்லாம் அவள் படித்த வாசிப்பு வட்டம் கூடிய இடம் எங்கள் தேவாலயத்தின் பின்புற அறை. தமிழ்ப் பூசை முடிந்ததும் ஏழெட்டு இளையர்கள் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அறைப் பதிவேட்டில் 'இளையர் சிந்தனை' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே என்ன சிந்திக்கிறார்கள் என்று பங்குத்தந்தைக்குத் தெரியாமலில்லை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவைக்க வேண்டும். உலகத்தையே புரட்டிப்போட இருந்தவர்கள், அதற்கு முன்னால் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளைப் புரட்டி அடுக்கினார்கள். அதற்குத்தான் ஆள் அகப்படுவதில்லை. ஆளுக்கொரு அவசர வேலை வந்துவிடும். கடைசியில் அவளும் இன்னொருத்தியுமாக அடுக்குவார்கள்.

பூசை முடிந்து வட்டம் தொடங்குவதற்குள் அரைமணி நேரம் இருக்கும். நானும் அவளும் எதிரே உள்ள பேரங்காடியில் உட்காருவோம். அவள் முத்து முத்தாக ஏதோ மிதக்கும் குளிர்ந்த தேநீரைத் தடித்த குழாயால் உறிஞ்சுவாள்.

"அத்தை, உங்க ஆப்ப டிலீட் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"நான் டவுன்லோடே பண்ணல. நீ ஏன் வருத்தப்படுறே."

"கோடீஸ்வரன் நடத்துற நியூஸ நம்பவே கூடாது. அவனுக்கு எது நல்லதோ அதான் அதுல நியூஸ்."

"சரி. நீ ரயில்ல பாக்குறியே, தாடிக்காரர் ஒருத்தர் வீடியோவுல கத்துவாரே, அந்த ஆப்ப யாரு நடத்துறா? கூட்டுறவுச் சங்கமா?"

"அது வேற லா."

"எப்படி வேற?"

கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் கோடீஸ்வரன் ரொம்பத் தூரத்துல இருக்கான்."

"இந்தக் கோடீஸ்வரன் பக்கத்துலயே இருக்காரு. நீ குடிக்கிற டீ அவரு கடைதான். இந்தக் கட்டடமும் அவரோடது."

குழாய் வாயிலேயே நின்றது. பிறகு கடைசி முத்துவரை சத்தமாக உறிஞ்சினாள்.

"காசு குடுத்தாச்சே, என்ன பண்றது."

அதே மேசையில்தான் ஒருநாள் அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். துவாஸ் விடுதியில் இருக்கும் ஊழியர்களுக்குத் துண்டுப்பிரசுரம் தயாரிக்கிறார்களாம். நள்ளிரவில் சமைத்து விடியும் முன்பே கொண்டுவந்து இறக்கும் சாப்பாடு மத்தியானம் திறக்கும்போது கெட்டுப்போயிருக்கிறதாம். விடுதியில் தங்குகிறவர்கள் விடுதி அமர்த்திய ஒப்பந்தக்காரரிடம்தான் சாப்பாடு எடுத்தாக வேண்டுமாம். ஊழியர்களே சொல்லச்சொல்லக் கேட்டுத் தொகுத்து, எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடப் போகிறார்களாம்.

"தமிழ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க அத்தை. நாங்கள்லாம் ஸ்கூல்ல படிச்ச தமிழு. நீங்கதான் பிழை திருத்துறவங்களாச்சே."

விடுதியின் பெயரைப் பார்த்தேன். என் மல்லிகை மலர்ந்த அதே விடுதி.

"எனக்கு இந்த அரசியல்லாம் வேணாம்மா" என்று தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"பிழை திருத்துறதுல என்ன அரசியல்?"

"கண்ணாடி கொண்டுவரல" என்றேன். கண்ணாடி என் தலைமீது இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் மறந்து விட்டுப்போன குடையைக் கொடுக்க அந்தப் பின்புற அறைக்குப் போனேன். உட்காருங்க அத்தை, அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும் என்றாள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் பெரிதாக ஒளிர்ந்துகொண்டிருந்தது என்னுடைய கட்டுரை.

"பெரும் பணக்காரங்க கையில மீடியா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு அவளே வாசித்தாள். நல்ல உச்சரிப்பு. மல்லிகையாய் மலர்கிறது என்ற இடத்தில் அறை குலுங்கிச் சிரித்தது. தாய்மடியில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

"இது மெஷின் எழுதினது" என்றான் பொறியியல் படிக்கும் ஒரு நெட்டையன். "செயற்கை நுண்ணறிவு. பாத்தாலே தெரியுது. சோத்தப் பாத்து ஒரு மனுசன் தாய்மடின்னு சொல்லவே மாட்டான்."

"மெஷினுக்கு இவ்வளவு வெக்கமில்லாம எழுத வராதே" என்றாள் புரையேறியவள்.

"அதான் ட்ரெயின் பண்ணியிருக்காங்க லா" என்று என் அண்ணன் மகள் முடித்துவைத்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்பது நினைவிருக்கிறது. ஊழியர்களைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டு தமிழ் எழுதுகிறேன், என்னைப் போய் இயந்திரம் என்கிறானே என்ற கொதிப்புதான். எழுந்து, தம்பி, அதை எழுதியது இரத்தமும் சதையுமான கவிஞர் என்று சொல்ல நாக்குவரை வந்தது. கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக மானத்தை விட வேண்டிய அரிய சந்தர்ப்பம். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்ததாக அவர்களுடைய துண்டுப்பிரசுரம் சுவரில் வந்தது. எதிர்ப்பின் வாசம் கொஞ்சமும் இல்லாத சுத்தமான தமிழ்.

'மதிப்பிற்குரிய ஊழியப் பெருமக்களுக்கு, வணக்கம். தங்களின் மேலான கவனத்திற்குக் கீழ்க்காண்பவை கொண்டுவரப்படுகின்றன. உணவின் தரம் குறித்துக் கருத்துரைக்க விழைவோர், எமது தன்னார்வலர்களை அணுகி உரிய விவரங்களை அளித்திடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

கீழே கட்டம் போட்டு, புளோக் எண், அறை எண் என்று நிரப்புவதற்கு இடம் விட்டிருந்தார்கள். பள்ளியில் பத்தாண்டு கடிதம் எழுதிப் பழகிய பிள்ளைகள் புரட்சியையும் அந்தப் படிவத்தில்தான் எழுதினார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் தேர்வுத் தமிழும் அறிவிப்புத் தமிழும்தான். இதைப் படிக்கிறவன் அரசாங்கத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்றுதான் நினைப்பான் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாய்மடியைக் கேலி செய்தவர்கள் பெருமக்களோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி செய்கிற காரியமா என்றால், ஆமாம், ஐம்பதை நெருங்கினால்தான் இவ்வளவு நுட்பமாகச் செய்ய வரும்.

அதற்கடுத்த ஞாயிறு தேக்காவில் விநியோகம். "சும்மா கூட வாங்க அத்தை. சேலை கட்டின ஒருத்தங்க பக்கத்துல இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்று அழைத்தாள். காய்கறிப் பையோடு போனேன். பிற்பகல் மூன்று மணி. வாரம் முழுக்க லாரியிலும் சாரத்திலும் இருந்தவர்கள் அந்த ஒரு நாளுக்காகச் சலவைச் சட்டையோடு வந்து இறங்கியிருந்தார்கள். சந்தை வாசல், நடைபாதை, புல்தரை எங்கும் ஊர்ப்பேச்சு.

அவள் மற்றவர்களுக்கு விதிகளைச் சொன்னாள். "யாரும் நிக்காதீங்க. நின்னா அனுமதியில்லாத கூட்டம்னு போலீசு சொல்லிரும். நடந்துகிட்டே குடுங்க. குடுத்துட்டுப் போயிட்டே இருங்க."

நெட்டையன் முதல் தாளை நீட்டினான். வாங்கியவர் அதைப் படித்தார். முகம் மாறியது. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பையிலிருந்து வேலை அனுமதி அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நெட்டையனுக்குப் பின்னால் நின்றார். அதைப் பார்த்த இன்னொருவர் என்னவென்று கேட்கவில்லை, அட்டையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றார். இந்த ஊரில் வரிசைக்கு விளம்பரம் தேவையில்லை. ஒருவர் நின்றால் போதும், மீதி தானாக வளரும்.

நின்றால் கூட்டமாகிவிடும் என்று நெட்டையன் நடந்தான். அவன் நடந்ததால் வரிசையும் நடந்தது. அவன் வேகமாக நடந்தான், வரிசையும் வேகம் பிடித்தது. திரும்பிப் பார்த்தவன் முப்பது நாற்பது பேர் ஒருவர் பின் ஒருவராக, கையில் அட்டையோடு, ஒழுங்காகப் பின்தொடர்வதைக் கண்டு வெளிறிப்போனான். வரிசை நடந்தால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயருக்கு அனுமதி வாங்க வேண்டும். எத்தனையோ புத்தகங்களில் அவர்கள் படித்துக் கனவு கண்ட ஊர்வலம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது, அதை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

"சார், எந்தக் கவுண்டர்?" என்று யாரோ கேட்டார்.

"பெர்மிட்டு புதுப்பிக்கிறாங்களாம்" என்று இன்னொருவர் கைப்பேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் வாடா, லைன் பெருசாவுது."

அண்ணன் மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அத்தை, ஏதாச்சும் சொல்லுங்க. ப்ளீஸ்."

காய்கறிப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனேன்.

"தம்பி, எல்லாரும் கார்ட உள்ள வைங்க. இவங்க ஆபீசு ஆளுங்க இல்ல. காலேசுப் பிள்ளைங்க. நீங்க தங்குற டோர்ம்ல சாப்பாடு எப்படி இருக்குன்னு கேக்க வந்திருக்குதுங்க. கேக்கத் தெரியாம கேட்டுருச்சுங்க. அவ்வளவுதான்."

பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. "நான் பயந்தே போயிட்டேன் அக்கா" என்று ஒருவர் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு புல்தரைக்குத் திரும்பினார். வரிசை கரைந்தது. ஒருவர் மட்டும் போகவில்லை. முதலில் தாள் வாங்கி முதலில் நின்றவர். நாற்பதுக்குள் இருக்கும். மணப்பாறைப் பக்கம் என்றார்.

"சாப்பாடா? அதான் பேப்பர்லயே போட்டாச்சேக்கா, அருமையா இருக்குன்னு."

"எந்தப் பேப்பர்ல?" என்றாள் அண்ணன் மகள்.

"போன்ல வருதே, அதுல. பிரிண்ட் எடுத்து, தண்ணி பட்டாக் கெடாம உறை போட்டு, கேன்டீன் சுவத்துல ஒட்டியிருக்காங்க தங்கச்சி. யாராச்சும் கொற சொன்னா சூப்பர்வைசர் அதத்தான் காட்டுவாரு. மல்லிகைன்னு எழுதியிருக்கு பாரு, உனக்கு மட்டும் எப்படிடா நாறுதும்பாரு." பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூடியைத் திறந்ததும் என்பதில் தொடங்கித் தாய்மடி விரிவதுவரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். என் வரிகளை மனப்பாடமாகச் சொன்ன முதல் வாசகர். "தெனம் சாப்பிடறப்ப எதிர்ல இருக்குது. மனசுல பதிஞ்சுபோச்சு."

தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுமாம், விடியும் முன்பே வாசல் கம்பியில் தொங்குமாம். அறையில் விட்டுவந்தால் எறும்பு மொய்க்கும், மற்றவர்கள் சத்தம் போடுவார்கள் என்று கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இங்க புறாவுக்குப் போடலாம்னா, போட்டா அபராதமாம். எங்களுக்குப் போட்டா அதுக்குப் பேரு கேட்டரிங்." பிரித்து என் முன்னால் நீட்டினார். "மோந்து பாருங்கக்கா."

மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. காகிதம் திறந்ததுமே அது வந்து முகத்தில் மோதியது. வேர்த்த சோறு, நூல் பிடிக்கத் தொடங்கிய சாம்பார், முட்டைக்கோஸ். என் கை அதில் போனது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அத்தை, வேணாம்."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாக்கின் இரு ஓரமும் சுருங்கியது. மென்றேன், விழுங்கினேன். என் பத்திரிகை வாழ்க்கையின் முதல் நேரடிக் கள ஆய்வு அது.

"எழுதினவன் நல்லா எழுதறவன்தான்" என்றார் மணப்பாறைக்காரர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டியபடி. "பசிக்காம எழுதியிருக்கான்."

"ஆளு இல்லண்ணே, மெஷின் எழுதினது" என்றாள் அவள்.

"மெஷின்னா போவுதுன்னு விட்டுரலாமே தங்கச்சி. யாரோ ஒரு ஆளு உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கு. தெனம் படிக்கிறேன்ல, தெரியும். அதான் கோவமே."

பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேற எழுதுனா குடுங்க, நானே எல்லாத்துக்கும் குடுக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த தாள்கள் இனி உதவாது. மற்றவர்கள் கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்து ஊர்வலத்தின் அதிர்ச்சியிலிருந்து மீண்டுகொண்டிருந்தார்கள். அவளும் நானும் மட்டும் பின்சந்துக் கடைக்கு வந்தோம். கடைக்காரரிடம் பேனா கேட்டேன். பெருமக்கள் அச்சாகியிருந்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடி மேசையில் வைத்து நின்றபடியே எழுதினேன். நாற்பது நிமிடமெல்லாம் ஆகவில்லை. அவள் கைப்பேசி உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதியதை அவளிடம் காட்டாமல் கடைக்காரர் கையில் கொடுத்தேன். காட்டியிருந்தால் கிழித்துவிடும் தைரியம் எனக்கு வந்திருக்கும்.

இயந்திரம் முனகியது. பச்சை வெளிச்சம் ஒரு முறை போய் வந்தது. முதல் தாள் விழுந்ததும் அவள்தான் எடுத்தாள், சூட்டுக்கு விரலை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

'டோர்ம் சோறு மல்லிகை மாதிரி இருக்குன்னு கேன்டீன் சுவத்துல ஒட்டியிருக்காங்கள்ல, அத எழுதினது நான். சாப்பிடாம எழுதினேன். வந்து பாக்கக்கூட இல்ல. இன்னைக்கு ஒரு வாய் சாப்பிட்டேன். புளிச்சுப்போச்சு. உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. இந்தத் தடவ நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன்.'

கீழே என் பெயர். நமது நிருபருக்கு அன்று விடுமுறை.

அவள் படித்து முடித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள். கோடு போடப் பென்சில் தேடுகிறவள்போல ஒரு கணம் விரல் தாளின் ஓரத்தில் நின்றது.

"எத்தன காப்பிம்மா?" என்றார் கடைக்காரர்.

"இருநூறு" என்றாள் என்னைப் பார்க்காமல்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. பெரும்பகுதியை மணப்பாறைக்காரரே கொடுத்தார். அவர் பின்னால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் குறிப்பெடுக்க முடியாமல் திணறினாள். திங்கட்கிழமை காலை அந்தத் தாளின் படம் எனக்கு முன்பாகவே அலுவலகம் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று மத்தியானம் நான் வேலையும் பழக்கூடையும் இல்லாமல் மின்தூக்கியில் கீழே இறங்கியபோது பெரியவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஞாயிறு மாலை எனக்கு வேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

ரயில் நிலையம்வரை நடந்தோம். காய்கறிப் பை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நகரும் படிக்கட்டு இறங்கும்போது வாயைத் திறந்தாள்.

"எழுத்துப் பிழை திருத்துறேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அன்னைக்கு நாங்க சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்க."

"ஆமா."

"எங்க தமிழு சரியில்லன்னு தெரிஞ்சும் சொல்லல."

"தெரிஞ்சுதான் சொல்லல."

"ஏன்?"

"மெஷின்னு சொன்னான்ல, அந்த நெட்டை."

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பா, அருவருப்பா என்று சொல்ல முடியவில்லை. நுழைவுக் கதவின் முன்னால் நின்றோம். தெம்பனிஸ் பக்கம் போகும் ரயிலுக்கு இன்னும் மூன்று நிமிடம் என்று மேலே காட்டியது. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"கோவமா இருக்கியா?" என்றேன்.

"யோசிக்கிறேன்."

பையை என் கையில் கொடுத்தாள். அட்டையைத் தட்டினாள், கதவு திறந்தது. உள்ளே போனவள் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு பூச முடிஞ்சதும் வாங்க அத்தை. ஒண்ணும் பேச வேணாம். நாற்காலி அடுக்க ஆள் வேணும்."